'டென்ஷன் ஆயிட்டேன்', 'கோபம் போயிடுச்சு': இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்றது?

பேசிப் பழகு! - வாரம் ஒரு இங்கிலீஷ் சிக்கல்

திருப்போரூர் என்றதும் கந்தசாமி கோயில்தான் நினைவுக்கு வரும். முருகன் விண்ணில் நின்று அசுரரோடு போரிட்ட தலம் என்பது ஐதீகம். ஊர்ப் பெயரிலேயே போர் இருக்கிறது. இந்த வாரம் நாம் பேசப்போவதும் ஒரு 'போர்' பற்றித்தான். 'எனக்கு போர் அடிக்குது' என்கிறோமே, அந்த போர்!

இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பலரும் சட்டென்று சொல்வது, 'ஐ ஆம் போரிங்.' இதற்கு அர்த்தம் 'எனக்கு போர் அடிக்கிறது' என்பதல்ல. 'நான் ஒரு அறுவை ஆசாமி' என்பதுதான்! சொன்னவருக்கு அது தெரியாது. கேட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நண்பர்களுக்குள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், திருப்போரூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது சிரிப்போடு முடிகிற சமாசாரம் இல்லை. ஓ.எம்.ஆர் எனப்படும் ராஜீவ் காந்தி சாலை, சிறுசேரி சிப்காட், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு பூஞ்சேரி பக்கம் போய் மாமல்லபுரத்தைச் சேர்கிறது. ஒரு முனையில் ஐ.டி கம்பெனி இன்டர்வியூ, மறுமுனையில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி. நடுவில் கல்லூரிகள், ஹாஸ்டல்கள், ஹோட்டல்கள். இந்தச் சாலையில் வேலை வேண்டுமென்றால் ஏதாவது ஓர் இடத்தில் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

பெயர், படிப்பு, ஊர், புராஜெக்ட்... இதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். 'உங்கள் டீமில் ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல, முதலில் கோபம் வந்தது, பிறகு தணிந்தது, கடைசியில் மனசு மாறியது என்று மாறிக்கொண்டே போகிற உணர்வுகளைச் சொல்ல வேண்டும். நன்றாக ஆங்கிலம் படித்தவர்களுக்கும் நாக்கு சுழல்கிற இடம் இதுதான்.

நாம மட்டும் இல்லைங்க!

முதலில் ஓர் ஆறுதல். இந்தச் சிக்கல் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. போர்ச்சுகல், பிரேசில், மொசாம்பிக் போன்ற நாடுகளில் போர்ச்சுகீசியம் பேசி வளர்ந்தவர்களும் ஆங்கிலத்தில் உணர்வுகளைச் சொல்லும்போது தடுமாறுவார்கள்.

அவர்கள் மொழியில் 'எனக்குப் பயமா இருக்கு' என்பதை 'நான் பயத்தோடு இருக்கிறேன்' என்றோ, 'என்னிடம் பயம் உள்ளது' என்றோதான் சொல்வார்கள். பசியும் அப்படியே, 'நான் பசியோடு இருக்கிறேன்.' அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் 'ஐ ஆம் வித் ஹங்கர்' என்றோ 'ஐ ஹாவ் ஹங்கர்' என்றோ வரும். 'ஐ ஆம் ஹங்க்ரி' என்பதே சரி.

இன்னொரு வேடிக்கை. 'ஃபிகார்' என்று அவர்களிடம் ஒரு வினைச்சொல் உண்டு. 'தங்கு' என்றும் அர்த்தம், 'ஆகு' என்றும் அர்த்தம். 'அதைக் கேட்டு எனக்கு வருத்தமாயிடுச்சு' என்று சொல்ல நினைத்து, 'ஐ ஸ்டேய்டு ஸேட்' என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கோ 'வருத்தத்திலேயே இருந்துவிட்டார் போல' என்று தோன்றும். ஒரு நிமிடம் வந்து போன வருத்தம், ஆங்கிலத்தில் நிரந்தரமாகிவிடுகிறது!

போர்ச்சுகீசியம் நமக்கு அந்நியமா என்ன? கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே திரும்பினால் கோவளம். அங்குள்ள மாதா கோயிலில்தான் போர்ச்சுகீசிய வம்சாவளி வணிகரான ஜான் டிமான்ட்டியின் கல்லறை இருக்கிறது. ஆம், ஆழ்வார்பேட்டை 'டிமான்ட்டி காலனி'க்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். நம் வீட்டு ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாமே போர்ச்சுகீசியச் சொற்களிலிருந்து வந்தவை. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்க'த்தை 1578-ல் கொல்லத்தில் வெளியிட்ட அண்ட்ரிக் அடிகளாரும் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்தான். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 'நான் பசியோடு இருக்கிறேன்' என்று சொல்லிப் பழகிய அவர், 'எனக்குப் பசிக்கிறது' என்ற வாக்கியத்தை முதன்முதலாகக் கேட்டபோது எப்படி விழித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நாம் இன்று ஆங்கிலத்தின் முன்னால் விழிப்பதும் அதே விழிதான்.

நம்ம ஊர்ல கோபம் ஒரு விருந்தாளி

சரி, நமக்கு எங்கே இடிக்கிறது? இந்த வாக்கியங்களைக் கவனியுங்கள்.

எனக்குக் கோபம் வருது.
எனக்குப் பயமா இருக்கு.
எனக்கு போர் அடிக்குது.
எனக்குப் பிடிச்சிருக்கு.
எனக்கு வெட்கமா போச்சு.

எல்லாம் 'எனக்கு' என்றே தொடங்குகின்றன. 'நான்' எங்கேயும் இல்லை. தமிழில் கோபமும் பயமும் சிரிப்பும் விருந்தாளிகள் மாதிரி. வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போகும். நாம் வீட்டுக்காரர். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறோம், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் கதை வேறு. அங்கே கோபம் வருவதில்லை. ஆள்தான் கோபமாக ஆகிறார். 'ஐ காட் ஆங்க்ரி.' வாக்கியத்தின் முதல் நாற்காலியில் 'ஐ' உட்கார்ந்திருக்கும். 'மனசு மாறிடுச்சு' என்று நாம் சொல்வோம். 'ஐ சேஞ்ச்டு மை மைண்ட்', அதாவது 'நான் என் மனசை மாற்றிக்கொண்டேன்' என்று அவர்கள் சொல்வார்கள்.

இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. உணர்வைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? 'எனக்கு' என்று மனசுக்குள் வந்ததை முதலில் 'நான்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். மீதியை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 'இங்'கா, 'டு'வா?

போரிங் - போர்டு, டயரிங் - டயர்டு, இன்ட்ரெஸ்டிங் - இன்ட்ரெஸ்டெட், கன்ஃப்யூஸிங் - கன்ஃப்யூஸ்டு, டிஸ்அப்பாயின்ட்டிங் - டிஸ்அப்பாயின்ட்டெட். இந்த ஜோடிகளில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்.

உணர்வை உண்டாக்குவதற்கு 'இங்'. உணர்வை அனுபவிப்பவருக்கு 'டு'. படம் போரிங், பார்த்த நான் போர்டு. வேலை டயரிங், செய்த நான் டயர்டு. பாடம் கன்ஃப்யூஸிங், படித்த நான் கன்ஃப்யூஸ்டு.

இன்டர்வியூவில் 'ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்றால், 'நான் ரொம்ப சுவாரஸ்யமான ஆள்' என்று தன்னைத் தானே பாராட்டிக்கொள்வது போல ஒலிக்கும். 'ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டெட்' என்பதே சரி. வித்தியாசம் ஓரெழுத்து ஒலிதான். ஆனால், அது மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

2. 'டென்ஷன்' என்றால் பயமா, கோபமா?

தமிழ்நாட்டில் அதிகம் உழைக்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'டென்ஷன்.' பரீட்சைக்கு முன்னால் மாணவர் டென்ஷன். லேட்டாக வந்தால் மேனேஜர் டென்ஷன். பால் பொங்கினால் அம்மா டென்ஷன். மாணவருக்கு வந்தது பயம். மேனேஜருக்கு வந்தது கோபம். அம்மாவுக்கு வந்தது பதற்றம். மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல்.

ஆங்கிலம் மட்டும் பேசும் ஒருவரிடம் 'ஐ பிகேம் டென்ஷன்' என்றால் இரண்டு சிக்கல். ஒன்று, 'டென்ஷன்' என்பது பெயர்ச்சொல். 'நான் கோபம் ஆனேன்' என்பதற்கும் 'நான் கோபமாக ஆனேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இரண்டு, பயந்தீர்களா கோபப்பட்டீர்களா என்பதே கேட்பவருக்குப் புரியாது.

பயம் என்றால், 'ஐ வாஸ் நெர்வஸ்.' வேலைப் பளு என்றால், 'ஐ வாஸ் ஸ்ட்ரெஸ்டு.' கோபம் என்றால், 'ஐ காட் ஆங்க்ரி.' கோபத்தில் கத்தியே விட்டால், 'ஐ லாஸ்ட் மை டெம்பர்.'

இதிலும் நமக்குத் துணைக்கு ஆள் உண்டு. போர்ச்சுகீசியத்தில் 'நெர்வோஸு' என்ற சொல், பதற்றத்தையும் குறிக்கும், எரிச்சல், கோபத்தையும் குறிக்கும். அதனால் பிரேசில்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் 'அவர் நெர்வஸ் ஆகிவிட்டார்' என்று சொன்னால், அவர் நடுங்கினாரா கத்தினாரா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். நம் 'டென்ஷன்' கதையேதான்!

3. 'டோன்ட் ஃபீல்'... அப்புறம் எப்படி?

'ரொம்ப ஃபீல் பண்ணினேன்', 'அவன் ஃபீலிங்ல இருக்கான்', 'விடு மச்சி, ஃபீல் பண்ணாதே.' தமிழுக்குள் வந்ததும் 'ஃபீல்' என்ற சொல் சோகமாகிவிட்டது. 'ஃபீல்' என்றாலே நமக்கு வருத்தம்தான்.

ஆங்கிலத்தில் 'ஃபீல்' என்பது வெறும் பாத்திரம். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஃபீல் ஹாப்பி, ஃபீல் பேட், ஃபீல் லோன்லி. 'ஐ ஃபெல்ட் வெரி மச்' என்று நிறுத்திவிட்டால், 'என்ன ஃபெல்ட்?' என்று எதிராளி காத்துக்கொண்டே இருப்பார். வருத்தத்தில் இருக்கும் வெளிநாட்டு நண்பரிடம் 'டோன்ட் ஃபீல்' என்றால், 'எந்த உணர்ச்சியும் இல்லாமல் மரக்கட்டையாக இரு' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 'டோன்ட் ஃபீல் பேட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். ஆறுதல் ஆறுதலாகவே போய்ச் சேரும்.

'மூட் அவுட்'டும் இப்படித்தான். நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளியே புரியாது. 'ஐ ஆம் இன் எ பேட் மூட்' என்று சொல்லுங்கள்.

4. இருந்தேன், ஆனேன், ஆறினேன்

உணர்வு மாறுவதைச் சொல்வதில் தமிழ் கெட்டிக்கார மொழி. 'கோபமா இருந்தேன்' வேறு, 'கோபமாயிட்டேன்' வேறு. முன்னது நிலை, பின்னது மாற்றம். இந்த வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே தெரியும். அதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

'இருந்தேன்' என்பதற்கு 'வாஸ்': 'ஐ வாஸ் ஆங்க்ரி.'
'ஆயிட்டேன்' என்பதற்கு 'காட்': 'ஐ காட் ஆங்க்ரி.'
'ஆயிட்டே வர்றேன்' என்பதற்கு 'கெட்டிங்': 'ஐ ஆம் கெட்டிங் ஆங்க்ரி.'

'பிகேம்' தப்பா என்றால், இல்லை. ஆனால், சாதாரணப் பேச்சில் 'காட்'தான் இயல்பு. 'ஐ பிகேம் ஆங்க்ரி' என்பது மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கும்.

வந்த உணர்வு திரும்பிப் போவதைச் சொல்வது அடுத்த கட்டம். அதிகம் பேர் தடுக்கி விழுகிற படி இது. நம் விருந்தாளி இலக்கணம் இங்கேதான் முழுசாகக் குறுக்கே வந்து நிற்கும்.

'கோபம் போயிடுச்சு.' 'மை ஆங்கர் வென்ட்' என்று சொல்ல வேண்டாம். 'ஐ காம்டு டவுன்' அல்லது 'ஐ ஆம் நாட் ஆங்க்ரி எனி மோர்.'

'மனசு மாறிடுச்சு.' 'மை மைண்ட் சேஞ்ச்டு' வேண்டாம். 'ஐ சேஞ்ச்டு மை மைண்ட்.'

'பழகிடுச்சு.' 'இட் பிகேம் ஹாபிட்' வேண்டாம். 'ஐ காட் யூஸ்டு டு இட்.'

'அந்த வருத்தத்திலிருந்து மீண்டுட்டேன்.' 'ஐ காட் ஓவர் இட்.'

'போகப் போகப் பிடிச்சுப் போச்சு.' 'இட் க்ரூ ஆன் மி.' அபூர்வமாக, ஆங்கிலமும் நம்மைப் போலவே விருந்தாளியை முன்னால் உட்கார வைக்கிற வாக்கியம் இது. அதனாலேயே தமிழர் வாயில் அழகாக உட்காரும்.

இன்னொன்று. 'அவர் கோபமா இருக்கார்' என்பதும் 'அவர் கோபக்காரர்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது இன்றைய நிலை, இரண்டாவது சுபாவம். போர்ச்சுகீசியத்தில் இதற்கென்றே 'இரு' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள் வைத்திருக்கிறார்கள்: நிலையான குணத்துக்கு ஒன்று, வந்து போகிற நிலைக்கு ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'இஸ்.' அதனால் சொல்லைத்தான் மாற்ற வேண்டும். இன்றைக்கு மட்டும் கோபம் என்றால், 'ஹி இஸ் ஆங்க்ரி.' சுபாவமே அப்படி என்றால், 'ஹி இஸ் ஷார்ட்-டெம்பர்டு.' உங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் தேவை!

5. 'மேல' என்றால் 'ஆன்' இல்லை

'அவன் மேல கோபம்' என்பதை 'ஆங்க்ரி ஆன் ஹிம்' என்கிறோம். 'மேல' என்பதற்கு 'ஆன்' என்று பள்ளியில் படித்த விசுவாசம்! ஆங்கிலத்தில் கோபம் யாருடைய தலைமேலும் ஏறுவதில்லை. 'ஆங்க்ரி வித் ஹிம்.' இதைச் சின்ன பட்டியலாக மனசில் வைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் மேல் கோபம்: ஆங்க்ரி வித்.
ஒன்றைக் கண்டு பயம்: அஃப்ரெய்ட் ஆஃப்.
ஒருவரை நினைத்துப் பெருமை: ப்ரவுட் ஆஃப்.
ஒன்றைப் பற்றிக் கவலை: வொரீட் அபவுட்.
ஒன்றில் சலிப்பு: போர்டு வித்.

தனித்தனிச் சொல்லாகப் படிக்காமல் ஜோடியாகவே சொல்லிப் பழகுங்கள். 'அஃப்ரெய்ட்' என்று வாய் தொடங்கினாலே 'ஆஃப்' தானாக வந்து நிற்க வேண்டும்.

6. நல்ல மனசோடு சொல்லி, வம்பில் மாட்டும் நான்கு சொற்கள்

முதலாவது, பாவம். கஷ்டத்தில் இருக்கும் ஒருவரிடம் 'பாவம்பா நீ' என்று நாம் சொல்வதில் அன்பு இருக்கிறது. அகராதியைப் பார்த்து 'ஐ பிட்டி யூ' என்று சொன்னால் அன்பு காணாமல் போய், இளக்காரம் வந்து உட்கார்ந்துவிடும். 'ஐ ஆம் ஸாரி யூ ஆர் கோயிங் த்ரூ திஸ்' என்று சொல்லுங்கள். இங்கே 'ஸாரி' மன்னிப்பு அல்ல, பரிவு.

இரண்டாவது, டவுட். 'சார், ஒரு டவுட்' என்று வகுப்பில் கை தூக்கி வளர்ந்தவர்கள் நாம். நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி. ஆனால், அமெரிக்க கிளையன்ட்டிடம் 'ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்' என்றால், 'உங்கள் டிசைன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று போய்ச் சேரும். மீட்டிங்கில் திடீரென்று ஒரு மௌனம் விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' போதும்.

மூன்றாவது, ஞாபகம். 'அம்மா ஞாபகமாவே இருக்கு' என்பதில் மறதி பற்றிய பேச்சே இல்லை, அது ஏக்கம். 'ஐ ஆம் ரிமெம்பரிங் மை மதர்' என்று சொன்னால், அம்மா காலமாகி அவரை நினைவுகூர்வது போலக்கூட ஒலித்துவிடும். 'ஐ மிஸ் மை மதர்' என்பதே சரி. ஊர் ஞாபகம் வாட்டினால், 'ஐ ஆம் ஹோம்சிக்.' இந்த ஏக்கத்துக்குப் போர்ச்சுகீசியத்தில் 'சவுதாத்' என்று ஒரு சொல் உண்டு. ஒரே ஆங்கிலச் சொல்லில் அதை அடக்க முடியவில்லை என்று போர்ச்சுகீசியம் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்வார்கள். நம் 'ஏக்க'மும் அதே ஜாதிதான்.

நான்காவது, சீரியஸ். 'அப்பா சீரியஸ்' என்று லீவு கேட்டு மெசேஜ் போடுகிறோம். வெளிநாட்டு மேனேஜர் 'மை ஃபாதர் இஸ் சீரியஸ்' என்பதைப் படித்தால், 'அப்பா கறாரான ஆள் போல' என்று நினைப்பாரே தவிர, ஐ.சி.யூ வாசலில் நீங்கள் நிற்பது அவருக்குப் புரியாது. 'மை ஃபாதர் இஸ் கிரிட்டிக்கலி இல்' என்று எழுதுங்கள். கை நடுங்குகிற நேரத்தில் தேட வேண்டியிருக்காமல், இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியத்தில் நீங்கள் எங்கே?

இதெல்லாம் வெறும் இலக்கணத் திருத்தம் என்று நினைக்க வேண்டாம். அந்த இன்டர்வியூ கேள்விக்கே திரும்பப் போவோம். டீமில் ஒருவரோடு சண்டை. நீங்கள் கோபத்தை அடக்கிக்கொண்டு, உட்கார்ந்து பேசி, அவர் சொன்னதில் நியாயம் இருப்பதை ஏற்றுக்கொண்டீர்கள். அதைத் தமிழில் யோசித்து, சொல்லுக்குச் சொல் மாற்றினால் இப்படி வரும்.

'ஃபர்ஸ்ட் ஐ பிகேம் டென்ஷன். தென் ஆங்கர் வென்ட். ஆஃப்டர் டாக்கிங், மைண்ட் சேஞ்ச்டு.'

கேள்வி கேட்டவருக்கு என்ன கேட்டிருக்கும்? ஏதோ டென்ஷன், கோபம் தானாகப் போனது, மனசு தானாக மாறியது. கோபத்தை அடக்கிய நீங்கள், பேச்சைத் தொடங்கிய நீங்கள், விட்டுக்கொடுத்த நீங்கள், வாக்கியத்தில் எங்கேயுமே இல்லை! தமிழ் கேட்கும் காதுக்கு உங்கள் பொறுமை தெரியும். ஆங்கிலக் காதுக்குத் தெரியாது.

இப்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

'அட் ஃபர்ஸ்ட், ஐ காட் ஆங்க்ரி. தென் ஐ காம்டு டவுன். ஐ லிஸன்டு டு ஹிம், அண்ட் ஐ சேஞ்ச்டு மை மைண்ட்.'

நான்கு 'ஐ.' தற்பெருமை இல்லை. செய்ததைச் செய்ததாகச் சொல்வது, அவ்வளவுதான். உங்கள் உழைப்புக்கு உரிய மதிப்பு உங்களுக்கு வந்து சேர, வாக்கியத்தில் உங்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஓ.எம்.ஆர் கம்பெனிக்குள் நுழைபவர்களுக்குத்தான் இந்த இடத்தில் அடி அதிகம். 'கம்யூனிகேஷன் வீக்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். வீக் எதுவும் இல்லை. ஒரு மொழியின் ஒழுங்கு இன்னொரு மொழிக்குள் வந்து நிற்கிறது. அது பயிற்சியில் சரியாகிவிடுகிற விஷயம். யாராவது 'ஐ ஆம் போரிங்' என்று சொன்னால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.

இதை மட்டும் தமிழிலேயே சொல்லுங்கள்

கடைசியாக ஒரு சொல், 'டிப்ரஸ்டு.' மேட்ச் தோற்றால் டிப்ரஸ்டு, மார்க் குறைந்தால் டிப்ரஸ்டு என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால், 'டிப்ரஷன்' என்பது மருத்துவர் கண்டறிய வேண்டிய ஒரு நோயின் பெயரும்கூட. சின்ன வருத்தத்துக்கு 'ஐ ஆம் அப்செட்' போதும். கொஞ்ச நாளாகவே சோர்வு என்றால் 'ஐ ஹாவ் பீன் ஃபீலிங் லோ' என்று சொல்லலாம்.

உண்மையிலேயே மனசு பாரமாகி, தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் போனால்? அப்போது இலக்கணம் பார்க்க வேண்டாம். ஆங்கிலமும் வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 'எனக்கு மனசு சரியில்ல' என்று நம் மொழியில் தொடங்கினாலே போதும். ஹாஸ்டலில், வேலை இடத்தில் உடன் இருப்பவர்களுக்கும் இந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

கீழே உள்ள ஐந்தையும் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு விடையைப் பாருங்கள். ஏமாற்றக் கூடாது!

1. முதல்ல பயமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு.
2. என் டீம் லீடர் திடீர்னு டென்ஷன் ஆகிக் கத்திட்டார்.
3. அவன் மேல இருந்த கோபம் போயிடுச்சு.
4. ஹாஸ்டலுக்கு வந்ததிலிருந்து அம்மா ஞாபகமாவே இருக்கு.
5. அந்த வேலை முதல்ல போர் அடிச்சுது, போகப் போகப் பிடிச்சுப் போச்சு.

விடைகள்:

1. அட் ஃபர்ஸ்ட் ஐ வாஸ் ஸ்கேர்டு, பட் ஐ காட் யூஸ்டு டு இட்.
2. மை டீம் லீடர் சடன்லி லாஸ்ட் ஹிஸ் டெம்பர்.
3. ஐ ஆம் நாட் ஆங்க்ரி வித் ஹிம் எனி மோர்.
4. ஐ ஹாவ் பீன் மிஸ்ஸிங் மை மதர் எவர் சின்ஸ் ஐ கேம் டு த ஹாஸ்டல்.
5. த ஜாப் வாஸ் போரிங் அட் ஃபர்ஸ்ட், பட் இட் க்ரூ ஆன் மி.

ஐந்தும் சரி என்றால், அடுத்த இன்டர்வியூவுக்கு நீங்கள் ரெடி. மூன்று சரி என்றால், இன்னும் இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்றுகூடச் சரியில்லை என்றாலும் கவலை வேண்டாம். வீட்டில் யாராவது ஒருவரை எதிரில் உட்கார வைத்து, இன்று காலையிலிருந்து இரவு வரை உங்கள் மனசு எப்படியெல்லாம் மாறியது என்று ஐந்து வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் நிறுத்தாமல் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் 'ஐ' தானாக முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்த வாரம்: 'சாப்பிட்டீங்களா?' என்று வெளிநாட்டுக்காரரிடம் கேட்கலாமா? உபசரிப்பு ஆங்கிலம் பற்றிப் பேசுவோம்!